சந்தையில் ஒரு குணம், வீட்டில் ஒரு குணம்

(அய்யலூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கிற மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்று ஒரு வரி உண்டு. எதிரே ‘நன்று’ என்று எழுதுவது வழக்கம். ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று. கீழே கிடந்த பணத்தை எடுத்துவந்து தலைமையாசிரியர் மேசையில் வைத்தவளுக்கும் நன்று. வருடக் கணக்கில் பார்த்த பிள்ளை எப்பேர்ப்பட்ட ஆள் என்று கேட்டால் பள்ளிக்கூடம் சொல்லும் பதில் அவ்வளவுதான். அந்த வரியை நிரப்பும் எழுத்தரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதே கேள்விக்கு உளவியலாளர்கள் நூறு வருடத்துக்கு மேலாகப் பதில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அடித்திருக்கிறார். அடித்ததை இன்னொருவர் மறுபடி எழுதியிருக்கிறார்.

ஆளுமைக் கோட்பாடுகள் என்ற பாடத்தில் பெயர்கள் வரிசையாக வரும். ஃப்ராய்டு, யுங், அட்லர், ஸ்கின்னர், ரோஜர்ஸ், மாஸ்லோ, ஐசங்க், பண்டூரா என்று உருப்போட்டுத் தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடலாம். இவர்கள் ஒவ்வொருவரிடமும் எனக்குக் கேட்க ஒரே கேள்விதான்: யாரை, எந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள்? இதைக் கேட்டுவிட்டாலே இவர்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதி எதனால் வந்தது என்று தெரிந்துபோகும்.

ஃப்ராய்டு பார்த்தது வியன்னா நகரத்து நோயாளிகளை. சாய்மெத்தையில் படுக்கவைத்து, வாய்க்கு வந்ததைப் பேசவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டார். மனசுக்குள் ஆசை ஒரு பக்கம் இழுக்க, கண்டிப்பு மறுபக்கம் இழுக்க, நடுவில் நிற்கும் ‘நான்’ இரண்டையும் சமாளிக்கிறது என்று 1923-இல் ஒரு சித்திரம் வரைந்து கொடுத்தார். இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று நாம் படிப்பது அதைத்தான். சின்ன வயசில் தகப்பனிடம் ஆண் பிள்ளைக்கு வரும் பயம் அவர் கோட்பாட்டின் மையத்தில் இருக்கிறது. அதே காலத்தில் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1921-இல் மன அடக்குதல் பற்றி ஆய்வேடு எழுதி ஃப்ராய்டுக்கு அனுப்பினார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவில்லை, கடிதப் போக்குவரத்து மட்டும் நடந்தது. போஸ் பணிந்து போகிறவர் அல்லர். நீங்கள் சொல்லும் பயம் என்னிடம் வரும் இந்திய ஆண்களிடம் அந்த அளவுக்குத் தென்படவில்லை. பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்களிடம் சுலபமாக மேலே வருகிறது என்று எழுதினார். ஃப்ராய்டு மரியாதையாகப் பதில் போட்டார், தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1931-இல் அவருடைய 75-ஆம் பிறந்தநாளுக்குச் சங்கத்தின் சார்பில் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று. சிலையை மேசைமேல் வைத்துக்கொண்டார். கல்கத்தா நோயாளிகள் சொன்னதைக் கோட்பாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

யுங் கதை நம் பக்கமே வருகிறது. அகமுகம், புறமுகம் என்று மனிதர்களை வகை பிரித்து 1921-இல் நூல் எழுதியவர் அவர். 1937 கடைசியில் இந்தியா வந்தார், தெற்கே திருவனந்தபுரம் வரைக்கும், இலங்கைக்கும் போனார். அவருடைய நண்பர் ஹைன்ரிஷ் சிம்மர் திருவண்ணாமலை ரமணர்மேல் ஈடுபாடு கொண்டவர். ஆனாலும் யுங் ரமணரைப் பார்க்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பிற்பாடு சிம்மரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் விளக்கினார். ரமணர் இந்தியாவில் என்றும் இருந்துவரும் ஒரு மாதிரியின் உருவம். அந்த மாதிரியை இந்த நாட்டில் எங்கும் காணலாம். தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வகை பிரிப்பதே தொழிலாகிவிட்டால் எதிரே இருக்கும் ஆள் தெரியமாட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. யுங்கின் வகைகளை எடுத்து, அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் செய்த மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு இன்று நம் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சிகளில் காசுக்கு விற்கிறது. நான்கு எழுத்து கொடுத்து, நீ இந்த வகை என்று சொல்லிவிடும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு வேறு எழுத்து வருகிறது. பெரும்பாலான மனிதர்கள் நடுவில் நிற்கிறார்கள். கோட்டை நட்ட நடுவில் போட்டால் அப்படித்தான் ஆகும். பிள்ளைகள் அந்தச் சான்றிதழைப் பார்த்து வாழ்க்கைத் தொழிலை முடிவு செய்ய வேண்டாம்.

ஸ்கின்னர் எலியையும் புறாவையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். குணம் என்று தனியாக ஒன்றுமில்லை, எதற்குப் பலன் கிடைத்ததோ அதைத் திரும்பச் செய்கிறோம் என்றார். ரோஜர்ஸ் ஆலோசனை அறையில் மனம் உடைந்து வந்தவர்களைப் பார்த்தார். ஏற்றுக்கொள்ளும் ஒருவர் எதிரே இருந்தால் மனிதன் தானாக வளர்வான் என்றார். இருவரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். மாஸ்லோவின் பெயரில் வழங்கும் தேவைகளின் முக்கோணத்தைப் பற்றி நான் பேசாமல் விட்டாலும் மேலாண்மைப் பயிற்சியாளர்கள் உங்களை விடமாட்டார்கள்.

இன்று ஆராய்ச்சியில் செல்வாக்கோடு இருப்பது வேறொரு வழி. அது சொற்களிலிருந்து கிளம்பியது. மனிதர்களுக்குள் முக்கியமான வேறுபாடு எதுவாக இருந்தாலும் ஊர் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கும். எனவே அகராதியைப் புரட்டினால் குணங்களின் பட்டியல் கிடைத்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஆட்பெர்ட்டும் 1936-இல் ஆங்கில அகராதியிலிருந்து கிட்டத்தட்ட 18,000 சொற்களைத் திரட்டினார்கள். கேட்டெல் அதைச் சுருக்கிச் சுருக்கி 16 பண்புகளுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கணக்குப் போட்டு ஐந்தில் நிறுத்தினார்கள்: புதுமையில் நாட்டம், பொறுப்பு, புறமுகம், இணக்கம், மனக்கலக்கம். ‘பெரிய ஐந்து’ என்பது இதுதான்.

நம் ஊர்ச் சொற்களை இந்த ஐந்து பெட்டிகளில் போட்டுப் பாருங்கள். முன்கோபி, கலகலப்பானவர், சோம்பேறி, கறாரான ஆள்: இவை உடனே உட்கார்ந்துவிடும். கமுக்கமான ஆள்? பேசாதவர் என்பதால் அகமுகம் என்று போட்டால் தப்பு. கமுக்கமானவர் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். விஷயத்தை மட்டும் வெளியே விடமாட்டார். நெஞ்சழுத்தக்காரி? அது திட்டும்கூட, மெச்சுதலும்கூட. புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக நின்று தோட்டத்தைக் காப்பாற்றியவளுக்கும் அதே சொல்தான். வெள்ளந்தி என்பதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? எடுப்பார் கைப்பிள்ளை என்பதோ ஒரு ஆளின் குணத்தைச் சொல்வதுபோல் இருந்தாலும், அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததல்ல. பொலிவியாவில் காட்டோரம் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களிடம் ஐந்து பண்புக் கேள்வித்தாளைக் கொண்டுபோனார்கள். 2013-இல் முடிவு வந்தது. ஐந்து கிடைக்கவில்லை, இரண்டுதான் தெளிவாக எழுந்து நின்றன. ஒன்று, நாலு பேருக்கு உதவியாக இருப்பது. இன்னொன்று, உழைப்பு. சின்ன ஊரில் வாழும் எவரும் ஒருவரை எடைபோட முதலில் கேட்பது இந்த இரண்டையும்தானே! அதே 2013-இல் இந்திச் சொற்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில் சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணங்களின் சாயல் தெரிந்தது. அகராதி மாறினால் பட்டியலும் கொஞ்சம் மாறுகிறது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920-களில் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். விடைத்தாளைத் தானே திருத்தச் சொன்னால் ஏமாற்றுகிறானா, விளையாட்டில் பொய் சொல்கிறானா, தனியாக விட்டால் காசை எடுக்கிறானா என்று தனித்தனியே பார்த்தார்கள். தேர்வில் ஏமாற்றியவன் காசைத் தொடவில்லை. காசை எடுத்தவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான். நேர்மையானவன் என்று ஒரு வகைப் பிள்ளையைப் பிரித்து நிறுத்த முடியவில்லை. 1968-இல் வால்டர் மிஷல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி ஒரு நூல் எழுதினார். கேள்வித்தாளில் வரும் குண மதிப்பெண்ணை வைத்து, குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒருவர் என்ன செய்வார் என்று கணிப்பது பெரும்பாலும் பலிக்கவில்லை என்று காட்டினார். ஆளுமை உளவியலே ஆட்டம் கண்டது.

இந்த மிஷல் தன் முதல் ஆய்வுகளில் ஒன்றைச் செய்த இடம் டிரினிடாட் தீவு. கரும்புத் தோட்டத்து வேலைக்கு 1845 முதல் இந்தியாவிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களே, அந்தத் தீவு. கல்கத்தா துறைமுகத்திலிருந்து பெரும்பாலோரும், சென்னைத் துறைமுகத்திலிருந்து சிலரும் போனார்கள். 1950-களில் மிஷல் அங்கே ஒரு கிராமத்தில் இருந்தபோது இரண்டு பேச்சு காதில் விழுந்தது. ஆப்பிரிக்க வழியினர் கையில் கிடைத்ததை அன்றே செலவழிப்பவர்கள், நாளையைப் பற்றி நினைக்காதவர்கள் என்று இந்திய வழியினர் சொன்னார்கள். இந்தியர்கள் காசை மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாழத் தெரியாமல் வாழ்பவர்கள் என்று ஆப்பிரிக்க வழியினர் சொன்னார்கள். மிஷல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டார்: இப்போதே ஒரு சென்ட் மிட்டாய் வேண்டுமா, அடுத்த வாரம் வந்து பத்து சென்ட் மிட்டாய் தரட்டுமா? ஊர்ப்பேச்சு சொன்னபடியே இந்தியப் பிள்ளைகள் அதிகம் பேர் காத்திருந்தார்கள். இதோடு நிறுத்தியிருந்தால், பொறுமை இந்திய ரத்தத்தில் ஊறியது என்று யாராவது ஒரு தலைப்பு போட்டிருப்பார்கள். மிஷல் இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தார்: வீட்டில் அப்பா இருக்கிறாரா, இல்லையா? அதைக் கணக்கில் எடுத்ததும் இரண்டு இனத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கரைந்துபோயிற்று. ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லும் பெரியவர் சொன்னபடி திரும்பி வருவார் என்று நம்புவதற்கு அந்தப் பிள்ளைக்கு வீட்டில் முகாந்தரம் இருந்ததா என்பதுதான் விஷயம் என்று அவர் எண்ணினார். பிற்காலத்தில் அவருக்குப் பெரும்பேர் வாங்கித்தந்த, காத்திருந்தால் இரண்டாவது இனிப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்த மார்ஷ்மெல்லோ சோதனையைப் பலரும் மன உறுதிப் பரீட்சையாக்கிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். டிரினிடாட் சொன்னதை அவர்கள் படிப்பதில்லை.

நம்புவது எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது என்று அய்யலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வாங்க வருபவர் கிடாவின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், முதுகெலும்பின் ஓரம் விரலால் அமுக்கிப் பார்ப்பார், இரண்டு கையாலும் தூக்கி, இத்தனை கிலோ கறி தேறும் என்பார். விற்பவர் அதற்கு இரண்டு கிலோ கூட்டிச் சொல்வார். நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். பார்த்தால் விற்பவர் உலகத்தில் யாரையுமே நம்பாதவர் என்று தோன்றும். அதே மனிதர் பழகிய வியாபாரி வந்தால், ‘காசு அடுத்த வியாழன் வாங்கிக்கிறேன், நீ ஓட்டிட்டுப் போ’ என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. பெரிய ஐந்தின் கேள்வித்தாள்களில் ஒரு வரி வரும்: ‘நான் பிறரை நம்புகிறவன்’. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். அந்த ஆட்டுக்காரரிடம் கொடுத்தால் அவர் பேனாவைப் பிடித்தபடி, ‘யாரை?’ என்று கேட்பார். பொருத்தமான கேள்வி. கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லை.

மிஷலும் அவருடைய சக ஆய்வாளர் ஷோடாவும் 1995-இல் வந்து சேர்ந்த இடம் இதுதான். குணம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. அது ஒரே எண்ணாக இருக்காது, ‘இப்படி என்றால் இப்படி’ என்ற ஒழுங்காக இருக்கும். தெரியாத ஆள் என்றால் இம்மிகூட விடமாட்டார், தெரிந்த ஆள் என்றால் கணக்கே பார்க்கமாட்டார் என்பது அந்த ஆட்டுக்காரரின் கையெழுத்து. அவருடைய அண்ணனுக்கு நேர்மாறாக இருக்கலாம்: அயலாரிடம் தாராளம், பங்காளியிடம் பத்திரம். இரண்டு பேருக்கும் சராசரி எடுத்தால் ஒரே மதிப்பெண் வரும். ஆட்கள் இருவரும் ஒன்றல்ல. வீட்டிலே புலி, வெளியிலே எலி என்று நம் ஆட்கள் சொல்லும்போது கோபத்தின் அளவைச் சொல்வதில்லை, அது எங்கே பாயும், எங்கே படுக்கும் என்பதைச் சொல்கிறார்கள்.

பண்புக் கோட்பாட்டுக்காரர்களுக்கும் பதில் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். எப்ஸ்டைன் என்பவர் 1979-இல் காட்டியது இது: ஒரு நாள் நடத்தையை வைத்து மறுநாளைக் கணிக்க முடியாது, ஆனால் பல நாட்களின் சராசரியை எடுத்தால் ஆள் ஒரே ஆளாக நிலைத்து நிற்கிறார். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், பண்புகளில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே பரம்பரை காரணமாகத் தெரிகிறது. அப்பனைப் போலவே இவனும் என்று ஊர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆனால் மீதிப் பாதி எங்கே என்று கேட்க வேண்டாமா?

அதைக் கேட்டுச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. காக்கிநாடா, 1953 வரை நம் சென்னை மாநிலத்தோடு இருந்த ஊர். ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்கும் வேட்கைதான் நாடுகளின் வளர்ச்சிக்கு அடிப்படை என்று 1961-இல் எழுதியவர். படம் காட்டி, அதற்குக் கதை எழுதச் சொல்லி, கதையில் அந்த வேட்கை எவ்வளவு தலைகாட்டுகிறது என்று மதிப்பெண் போடுவது அவர் முறை. இந்துக்கள் விதியை நம்புபவர்கள், இவர்களுக்குத் தொழில் முனைப்பு வராது என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் காலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியா, பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்று 1964-இல் காக்கிநாடாவின் சிறு வணிகர்களையும் தொழில் நடத்துபவர்களையும் ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்தார்கள். சுமார் பத்து நாள். கதை எழுதப் பழக்கினார்கள். வளையம் எறியும் விளையாட்டு வைத்தார்கள்: எவ்வளவு தூரத்தில் நின்று எறியலாம் என்பது அவரவர் விருப்பம். பக்கத்தில் நின்றால் நிச்சயம் விழும், பெருமை இல்லை. வெகுதூரம் போனால் விழுந்தாலும் அதிர்ஷ்டம்தான். நடுத்தூரத்தைத் தேர்பவரிடம்தான் சாதிக்கும் வேட்கை இருக்கிறது என்பது கோட்பாடு. வணிகர்கள் எறிந்து பார்த்துவிட்டுத் தாங்கள் கடை நடத்துவது எந்தத் தூரத்தில் நின்று என்று தங்களுக்குள் பேசினார்கள்.

பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடுத்த இரண்டு வருடத்தில் புதிய முதலீடு, புதிய கிளை, கூடுதல் ஆட்கள் என்று துடிப்பாக இறங்கினார்கள். ஒப்பிடுவதற்காக ராஜமுந்திரியிலும் பிற இடங்களிலும் பார்த்த, பயிற்சி பெறாதவர்களில் கால்பங்குதான். மெக்லெலண்டும் அவருடன் ஆய்வு செய்த வின்டரும் இதை 1969-இல் நூலாக எழுதினார்கள். சாமி கும்பிடுவதையோ சாதி வழக்கத்தையோ யாரும் விட்டுவிடவில்லை, அவை குறுக்கேயும் நிற்கவில்லை என்று அவர்களே எழுதியது வேபரின் வாதத்துக்குப் பலத்த அடி. என் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பலன் தெரிந்தது பெரும்பாலும் தன் கடைக்குத் தானே முதலாளியாக இருந்து முடிவெடுக்க முடிந்தவர்களிடம். அப்பாவுக்குக் கீழேயோ அண்ணனுக்குக் கீழேயோ இருந்தவர் எவ்வளவு வேட்கையோடு திரும்பினாலும் கல்லாப்பெட்டிச் சாவி அவரிடம் இல்லை. வேட்கை மனசுக்குள் இருக்கலாம், அது வெளியே வரச் சாவி வேண்டும். வந்தவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள், எண்ணிக்கை சிறிது, நல்லபடி செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பே தூண்டியிருக்கலாம் என்றெல்லாம் பின்னால் விமர்சனங்கள் எழுந்தன, அவையும் நியாயமானவையே. இருந்தாலும் ஆளுமைக் கோட்பாடு ஆய்வறையை விட்டிறங்கி நம் பக்கத்துக் கடைத்தெருவுக்கு வந்து நின்ற அரிதான தருணம் அது.

இன்னொரு நூலையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு குறையாகிவிடும். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலன்டைன் டேனியல், 1984-இல் ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். தமிழ் வழியில் ஆளாக இருப்பது பற்றியது என்று அதன் துணைத்தலைப்பு சொல்கிறது. இங்கிருந்து சாலையில் வடகிழக்கே போனால் வருகிற திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதியது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்துக் களப்பூர் என்று வைத்தார். அவர் கண்ட மனிதர்களுக்குக் குணம் தோலுக்குள் அடைத்து வைத்த சரக்கு அல்ல. மண்ணுக்கு ஒரு குணம். அந்த மண்ணில் விளைந்த சோற்றையும் ஊறிய தண்ணீரையும் உண்டு வாழ்பவர்களுக்குள் அது ஏறுகிறது. வீட்டுக்கும், கட்டிக்கொடுத்த சம்பந்திக்கும், சாமிக்கும் இடையே போகிறது, வருகிறது. கூட்டத்தோடு சபரிமலைக்கு நடந்து போய், நான் என்ற விளிம்பு மங்குவதைத் தன்னிடமே கவனித்து எழுதினார். இதில் கொஞ்சம் அதிகமாகவே கவித்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றும். நிலத் தகராறில் வெட்டிக்கொள்பவர்கள் இரண்டு பேரும் அதே மண்ணைத்தானே உண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் ஃப்ராய்டு முதல் பெரிய ஐந்து வரை யாரும் கேட்காததை அவர் கேட்டார். ஓர் ஆள் எங்கே முடிகிறார், அடுத்த ஆள் எங்கே தொடங்குகிறார்?

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் ஆய்வுத் திட்டம் என்று ஒன்று கேட்பார்கள். இணையத்திலிருந்து கேள்வித்தாளை இறக்கி ஐம்பது நண்பர்களிடம் கொடுத்து வாங்கி முடித்துவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சந்தைக்குப் போங்கள். மனிதர்களைப் பற்றி மனிதர்கள் சொல்லும் சொற்களை எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் யார் சொன்னார், யாரைப் பற்றிச் சொன்னார், அப்போது என்ன கொடுக்கல் வாங்கல் நடந்தது என்று குறியுங்கள். ஒரு வியாழக்கிழமை போதாது. எப்ஸ்டைன் சொன்னதை நினைவில் வையுங்கள். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் விலை ஏறிக் கிடக்கும்போது எழுதியது தனி, மழை பொய்த்து மேய்ச்சல் இல்லாமல் கிடைத்த விலைக்கு ஆட்டைத் தள்ளிவிடும் வாரங்களில் எழுதியது தனி, இரண்டையும் கலக்காதீர்கள். ஆடு கொண்டுவரும் பெண்களிடம் மாணவிகள் பேசட்டும். நம்மைப் போன்ற ஆண்கள் நின்றால் அவர்கள் ‘நல்ல மனுஷன்தான்’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். ஆகையால் கேட்டது யார் என்பதற்கும் நோட்டில் ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.